முட்டைக்கோஸ் லோடில் வந்த குருவி

போன மாதம், நான் வேலை பார்த்த மாட்டாஸ்பத்திரியில் இப்போது இருக்கும் பெண் போன் செய்தாள். யாரோ ஒருவர் கூண்டோடு ஒரு வெளிநாட்டுக் கிளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டாராம். டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார். "அக்கா, நீங்க இருந்தப்போ பறவை கேஸெல்லாம் வருமா? இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கோழி வரும் என்றேன். கோழியைத் தவிர என்றாள். ஒன்றே ஒன்று வந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அங்கே யாரோ ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட, போனை வைத்துவிட்டாள். பேச்சைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் மீதியை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. ஊர் சிங்கவரம். செஞ்சியில் கால்நடை மருந்தகம் என்பது பலகையில் மட்டும்தான். வாயில் எல்லாருக்கும் அது மாட்டாஸ்பத்திரி. என் நைனா அங்கே உதவியாளராக இருந்தார். பணியில் இருக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனார். பத்தாவது முடித்திருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. கையளவு நிலம்கூட இல்லாத குடும்பம் எங்களுடையது, அரசாங்க வேலை என்றால் சும்மாவா? "பொட்டப்புள்ள போயி மாடு புடிக்குமா?" என்று ஊரில் பேசினார்கள். பிடிப்பது ஆணா பெண்ணா என்று மாடு பார்ப்பதில்லை, பயந்தவளா இல்லையா என்றுதான் பார்க்கும். ஊசியைக் கொதிக்க வைப்பது, கட்டுத்துணி மடிப்பது, மூக்கணாங்கயிற்றை எந்தப் பக்கம் நின்று பிடிப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு உதை வாங்கியதும் பயிற்சி முடிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வேதநாயகம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், உதைக்கிற காளையைக்கூட. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த விலங்கு வந்தாலும் உடனே தொட மாட்டார். ஓரமாகக் குந்தி உட்கார்ந்து அது மூச்சு விடுவதைப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரிடம் மூன்றே கேள்வி. என்ன தின்னுச்சு, என்ன குடிச்சுது, என்ன போட்டுது. பதில் வந்த பிறகுதான் கை கழுவிக்கொண்டு எழுந்து வருவார்.

அந்தக் கேள்விகளை நான் ஆரம்பத்தில் மனதுக்குள் கிண்டல் செய்ததுண்டு. ஒருநாள் வயிறு மத்தளமாக உப்பிய பசுவை ஒருவர் ஓட்டிவந்தார். வைக்கோல் தவிர ஒன்றும் தின்னவில்லை என்று சாதித்தார். மாட்டுக்கு மூச்சு முட்டுகிறது, இவர் குந்தி உட்கார்ந்துகொண்டு மூன்றாவது கேள்வியை மறுபடி மறுபடி கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "மல்லாட்ட தோலு மாதிரி இருந்துச்சு சார்" என்றார். பக்கத்துக் களத்தில் காய்ந்த வேர்க்கடலைக் குவியலில் பசு புகுந்திருக்கிறது. அதைச் சொன்னால் களத்துக்காரன் காதுக்குப் போய்விடும் என்ற பயம். "அவரு காதுக்குப் போகாதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் எழுந்தார். பசு பிழைத்தது. அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்வியை நானும் கேட்க ஆரம்பித்தேன். வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே கேள்விதான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வந்த விலங்கு, நோய், மருந்து, உரிமையாளர் பெயர் என்று பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட மாட்டார். மருந்தகத்தில் மூத்த ஆள் கோவிந்தன் அண்ணன். "சாரு செத்தா எமன்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினுதான் போவாரு" என்பார் அவர்.

குருவி வந்தது எண்பத்தாறோ எண்பத்தேழோ. வருஷம் சரியாக நினைவில்லை. ஆனால் நோன்பு மாதமும் அக்னி நட்சத்திரமும் ஒன்றாக வந்திருந்தன, அது நன்றாக நினைவிருக்கிறது. செஞ்சி வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் ஊர்மேல் கக்கும். அந்த மாதம் வந்த மாடுகள் பாதிக்கு வெயில்தான் நோய்.

ஒரு காலை, மருந்தகம் திறந்த சற்று நேரத்தில் ஹனீபா பாய் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்கறி மண்டி வைத்திருந்தவர். கோஸ், கேரட், பீட்ரூட் என்று மலைக்காய்தான் அவருடைய வியாபாரம். நீலகிரித் தோட்டங்களிலிருந்து நேராக ஏற்றிக்கொண்டு ஒரு லாரி திருவண்ணாமலை வழியாக வரும். அவருக்குப் பாதி லோடை இறக்கிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போகும். அவரை ஊரில் எல்லாருக்கும் தெரியும், வியாபாரத்தால் அல்ல, ஒரு செருப்பால்.

காய்கறி மூட்டைக்குள் என்னென்னவோ வரும். அறுக்கிற பெண்களின் அரிவாள், சீப்பு, ஒருமுறை ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு. பாய் எல்லாவற்றையும் கடையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்து, லாரி மலைக்குத் திரும்பும்போது டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். ஒரு தடவை தேய்ந்துபோன ஒற்றை ரப்பர் செருப்பு வந்தது. அதையும் அனுப்பினார். அன்றிலிருந்து "ஒத்தச் செருப்ப ஊட்டிக்கு அனுப்பிச்ச பாய்" என்று பஜாரே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. "அமானிதம்யா. அடுத்தவங்க பொருளு நம்ம கையில வந்து மாட்டிக்கிச்சி. அவங்க கேட்டாலும் கேக்காட்டியும் திருப்பிக் குடுத்துடணும். செருப்புன்னா இன்னா, செயின்னா இன்னா?" என்பார்.

அன்று காலை அவர் தலையில் தொப்பி இல்லை. இரண்டு கையிலும் தொப்பியைக் கிண்ணம் மாதிரி ஏந்தி, அதன்மேல் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் எதிரில் கைக்குட்டையை விலக்கினார். உள்ளே ஒரு தேன்சிட்டு. கண் மூடி, உடம்பை உப்பிக்கொண்டு கிடந்தது. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அலகு மட்டும் நாங்கள் காயம் தைக்கிற வளைந்த ஊசி போலவே இருந்தது.

"இது இன்னா பாய், நம்ம முருங்கமரத்துல வர்ற சிட்டுதானே?" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"இல்லப்பா. காலையில லாரி படுதாவ எடுத்தோம், கோஸு மேல கெடந்துது. நேத்து சாயங்காலம் மலையில லோடு ஏத்தும்போது மாட்டிக்கினு இருக்கும்."

டாக்டர் வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்தார். தொப்பியை முக்காலிமேல் வைக்கச் சொல்லிவிட்டு அது மூச்சு விடுவதைப் பார்த்தார். நம்மூர்ச் சிட்டைவிட இது ஒரு சுற்று சிறியது. முதுகுச் சிவப்பும் அதிகம், பாக்குக் கறை மாதிரி. தான் முன்பு மலைப்பக்கம் வேலை பார்த்தபோது, உயரத்துக் காடுகளில் பூத்த மரங்களில் இதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு பாயைப் பார்த்து, "என்ன தின்னுச்சு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை. "தெரியாது சார். ராத்திரி முழுக்க ஒண்ணும் தின்னிருக்காது."

"என்ன குடிச்சுது?"

"அதுவும் இல்ல."

"என்ன போட்டுது?"

பாய் தொப்பியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். கடுகளவு ஒரு பொட்டு இருந்தது. டாக்டர் குனிந்து, மாட்டுச் சாணத்தைப் பார்க்கிற அதே அக்கறையோடு பார்த்தார். "குடல் வேலை செய்யுது. பசிதான். அஞ்சலை, சர்க்கரைத் தண்ணி கலந்து கொண்டாங்க. இங்க் பில்லரைக் கொதிக்க வெச்சு எடுத்துக்குங்க" என்றார். எழுந்து கை கழுவிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். "உரிமையாளர் பெயர், ஹனீபான்னு போட்டுக்கலாமா?"

"வேணாம் சார். என்னுது இல்ல அது."

"கொண்டுவந்தவர் பெயரைப் போடுறதுதான் வழக்கம்."

"கொண்டாந்தேன்னு போட்டுக்குங்க. ஓனர்னு போடாதீங்க. அப்புறம் அது என்னுதாயிடும்."

டாக்டர் பேனாவை அந்தக் கட்டம் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததை எழுதினார். கோவிந்தன் அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

சர்க்கரைத் தண்ணீரை ஒரு சொட்டு அலகு நுனியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சொட்டு வழிந்து என் விரலில் இறங்கியது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாவதுக்கு அலகு லேசாகத் திறந்து, நூல் போல ஒரு நாக்கு வெளியே வந்து சொட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கன்றுக்குட்டி பிறந்ததும் எழுந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். இருந்தாலும் சிலிர்த்தது.

தேன்சிட்டைப் பார்த்துக்கொள்வது பால் மறக்காத பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைவிடக் கஷ்டம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வாய் ஓயாமல் தின்ன வேண்டும் அதற்கு; கொஞ்சம் விட்டால் தலை தொங்கிவிடும். இருட்டினால் மட்டும் தூங்கும். மருந்தகத்தில் எனக்கு வேறு வேலை இல்லையா? வாசலில் மாடுகள் நிற்கின்றன. அதனால் பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மருந்தகத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மருந்து வைக்கிற அறையில் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினோம். கோழிக்கூடையின்மேல் கொசுவலை போர்த்தி உள்ளே குருவியை விட்டோம். வெறும் இனிப்புத் தண்ணீரில் எந்தச் சிட்டும் பிழைக்காது, பூச்சியும் வேண்டும் என்றார் டாக்டர். பாய் மண்டியிலிருந்து அழுகின வாழைப்பழத் தோலைக் கொண்டுவந்து கூடைக்குள் போட்டார். மண்டியில் அவர் தினமும் திட்டி விரட்டுகிற அந்தப் பொடிப்பூச்சிகள் மொய்த்துக்கொண்டு வந்தன. குருவி ஒவ்வொன்றாகக் கொத்தியது.

மத்தியானம் நான் உள்ளே போனபோது பாய் இங்க் பில்லரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. விடிவதற்கு முன்பு குடித்த தண்ணீர்தான்.

"பாய், உங்களுக்கே நாக்கு வறண்டு கெடக்குது. நீங்க அதுக்குச் சக்கரத் தண்ணி ஊத்திக்கினு இருக்கீங்க" என்றேன்.

"அதுக்கு நோன்பு கெடையாதும்மா" என்றார்.

மாட்டாஸ்பத்திரியில் குருவிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று பஜாரில் பேச்சாகிவிட்டது. மாடு ஓட்டிவந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்த யோசனை ஒன்றுதான்.

"மலைக்குருவிதானே? ராஜகிரி மேல கொண்டும்போயி வுட்டுட்டா வேல முடிஞ்சிது" என்றார் கோவிந்தன் அண்ணன். "அதவிட ஒசந்த மலையா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் கோட்டை மலைதான். ராஜா இருந்த மலையில் ஒரு குருவி இருக்கக் கூடாதா? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் மட்டும் இழுத்தார். "அங்க பாறைதாங்க சூடா இருக்கு. பூ எங்க இருக்கு? முதல்ல நம்ம காம்பவுண்டுலயே விட்டுப் பார்ப்போம். முருங்கை பூத்திருக்கு. பக்கத்துலயே இருந்தா பார்த்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பு கொசுவலையைத் தூக்கினோம். குருவி கூடை விளிம்பில் ஒரு நொடி உட்கார்ந்து, விருட்டென்று முருங்கைக்குப் போனது. ஒரு பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலகை விட்டது. கோவிந்தன் அண்ணன் கைதட்டினார். பாய் முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அடுத்த நொடி, எலுமிச்சை மரத்தில் கூடு கட்டியிருந்த எங்கள் ஊர் ஆண்சிட்டு அம்பாகப் பாய்ந்து வந்தது. இத்தனூண்டு உடம்புக்குள் அவ்வளவு கோபம். மலைக்குருவி பக்கத்துக் கிளைக்குத் தாவியது, அங்கேயும் விடவில்லை. கூரைக்குப் போனது, அங்கேயும் துரத்தியது. பெண்சிட்டும் சேர்ந்துகொண்டது. சுற்றிச் சுற்றி விரட்டி, கடைசியில் மாட்டை நிறுத்துகிற இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் அது தரையில் விழுந்தது. அலகைத் திறந்தபடி கிடந்து இரைத்தது. நான் ஈரத்துண்டைப் போட்டு மூடி எடுத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றைக்கும் உணர முடிகிறது.

"அது ஊடு இது இல்ல. அவ்ளோதான்" என்றார் பாய். ராஜகிரிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

லாரி அன்று சாயங்காலம் பாண்டிச்சேரியிலிருந்து காலியாகத் திரும்பி மலைக்குப் போவதாக இருந்தது. டிரைவர் மணி நல்ல பையன்தான். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே குருவிக்கு ஊட்ட முடியுமா? "நானே போறேன்" என்றார் பாய். அத்தனை வருஷம் மலைக்காய் விற்றும் அவர் மலையைப் பார்த்ததில்லை. இருட்டில் குருவி தூங்கிவிடும், விடிந்ததும் ஊட்ட ஆரம்பித்தால் போதும். சிக்கல் வெக்கைதான். லாரியின் முன்பக்கம் எஞ்சின் சூட்டில் அடுப்பு மாதிரி கொதிக்கும், பின்னால் தார்ரோட்டு அனல். காலையில் துரத்தப்பட்டு நொந்துபோன குருவி அதைத் தாங்காது.

கோவிந்தன் அண்ணன் ஐஸ் பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். தடுப்பூசி மருந்தை ஊர்களுக்கு எடுத்துப்போகிற பெட்டி அது. மருந்தகத்தில் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை சிங்கவரத்தில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி முகாம். நோய் ஏற்கனவே பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த மருந்து கொஞ்சம் சூடானாலும் வீண்.

டாக்டர் என்னைப் பார்த்தார். சிங்கவரம் என் ஊர். எந்த வீட்டில் எத்தனை கோழி என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவது, மாமியாருக்கு மாத்திரை வாங்குவது எல்லாம் அந்தக் கோழியை விற்றுத்தான். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலியாகும். ஆனால் கையில் இருக்கிற குருவியையும் விடமுடியவில்லை. முகாமை இரண்டு நாள் தள்ளி வையுங்கள் சார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் நான் என் ஊருக்கே துரோகி. சொல்லாவிட்டால் குருவி சாகும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பொட்டி வேணாம் சார்" என்றார் பாய். "கோழிங்கறது இல்லாதப்பட்டவங்க சொத்து. ஒரு அமானிதத்தக் காப்பாத்தறதுக்கு இன்னொருத்தர் பொழப்புல கை வெக்க முடியுமா? நான் பாத்துக்கறேன். வாடாம சரக்கு அனுப்பறதுதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல?"

போனவர் ஒரு சின்ன மூங்கில் கூடையும் ஒரு கட்டு வாழைமட்டையுமாகத் திரும்பினார். வெற்றிலை, பூ அனுப்புகிறவர்கள் கட்டுகிற கட்டு அது. வாழைமட்டையைக் கூடையின் உள்சுற்றில் பச்சையாக அடுக்கினார். காற்று போகச் சந்து விட்டார். வெளியே நனைத்த சாக்கைச் சுற்றி, அதற்குமேல் இன்னொரு மட்டை. "இதுல வச்ச வெத்தல எங்க போனாலும் பச்சையாத்தான் போயி சேரும்" என்றார். டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவ்வளவு குளிர்ச்சி.

சாயங்காலம் கடைசியாக நான்தான் ஊட்டினேன். குருவி குடித்துவிட்டு உடம்பை உப்பிக்கொண்டது. பாய் பள்ளிவாசலில் நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டு நேராக லாரிக்கு வந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டே விட்டேன். "அப்பவும் அங்கதான் கொண்டும்போயி குடுப்பேன்" என்றார்.

மறுநாள் சிங்கவரத்தில் விடிந்ததிலிருந்து பெண்கள் கோழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடை ஞாபகம். டாக்டர் ஒரு கோழிக்கும் அடுத்த கோழிக்கும் நடுவில், "இந்நேரம் மலை ஏறியிருப்பாருங்க" என்றார். அவருக்கும் அதே ஞாபகம்தான் போலிருக்கிறது.

பாய் அடுத்த லோடோடு திரும்பினார். கடைக்குக்கூடப் போகாமல் மருந்தகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றோம்.

"பறந்துச்சா பாய்?" என்றேன்.

"பறந்துச்சி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "விடிஞ்சதுலேருந்து மலை ஏற ஏற ஊட்டிக்கினே போனேன். நல்லா குடிச்சிது. மேல போனதும் மணிகிட்ட, அன்னிக்கி எங்கடா லோடு ஏத்துன, அங்கியே நிறுத்துன்னேன். நிறுத்தினான். எறங்கிப் பாத்தா சுத்தி கோஸு. மேட்டுல கோஸு, பள்ளத்துல கோஸு. நடுநடுவுல இம்மாம் பெரிய அடிக்கட்டைங்க, வெட்டிப் போட்டது. காடு எங்கடான்னா, தூரத்துல ஒரு மடிப்புல கொஞ்சூண்டு காட்றான். போன வருஷம் இதுவும் காடுதான் பாய்ங்கறான்."

"அப்புறம்?"

"நடந்து போனோம். காட்டு ஓரத்துல கூடையத் தொறந்து வச்சேன். வெளிய வந்து விளிம்புல குந்திச்சி. ஒரு சத்தம் குடுத்துச்சி. உள்ள எங்கியோ இருந்து இன்னொரு சத்தம். அதுக்குத்தானா, வேற ஏதோ குருவியா, எனக்குத் தெரியாது. உள்ள பூந்து போயிடுச்சி."

கோவிந்தன் அண்ணன் நல்லதாப் போச்சு என்றார். பாய் தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. வெறும் கூடையை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சார், அது நம்ம சரக்கோட வந்துடுச்சின்னு நெனச்சேன். நம்ம சரக்குதான் சார் அது ஊட்ல வெளஞ்சி வருது. அரிவா, கொலுசு, செருப்பு எல்லாம் திருப்பிக் குடுத்தேன். இத எப்படிக் குடுக்கறது?"

டாக்டர் உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். குணமானது என்று எழுதினார். உரிமையாளர் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். பாய் வேண்டாம் என்று கையை அசைத்தார். பின்னால் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தக் காலிக் கட்டத்துக்கு விளக்கம் கேட்டார்கள். உரிமையாளரைப் பற்றிய விவரம் விசாரித்தும் கிடைக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேலும் ஒரு கேள்வி வந்தது, அதற்கும் அதே பதிலை எழுதினார்.

பாய் வியாபாரத்தை விட்டுவிடவில்லை. நான்கு பிள்ளைகள், தம்பி குடும்பம், அந்தத் தொழில்தான் சோறு. கோஸ் வந்தது, விற்றார். நாங்களும் வாங்கித் தின்றோம். மாறியது ஒன்றுதான். லோடு வந்தால் ஆட்கள் படுதாவை ஒரே இழுப்பில் இழுத்துப்போட அவர் விட மாட்டார். தானே லாரிமேல் ஏறி ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். கூலி ஆட்கள் கீழே நின்று, "இன்னா பாய், உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வந்துருக்காங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் காத்திருப்பார்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறும் சமயத்தில் காய் வாங்கப் போனபோதும் அவர் லாரிமேல் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "அன்னிக்கி வந்ததோட சரி, அப்புறம் ஒண்ணுகூட வரலியே பாய். நல்லதுதானே?" என்றேன்.

படுதாவின் மூலையைப் பிடித்தபடியே யோசித்தார். "நல்லதுன்னுதான்மா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "இப்பல்லாம், வர்றதுக்கு அங்க ஒண்ணும் இல்லியோன்னு பயமா இருக்குது."